எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்

1

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என் மகன் செல்வம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தான். போலீஸ் உடுப்போடு வந்தான். பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டு, தொப்பியை ரேடியோவின் மேல் வைத்துவிட்டு, கை கழுவாமலே உட்கார்ந்தான். இந்த மலாயா நாட்டுப் போலீசில் அவன் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஈப்போவுக்கு அருகே உள்ள எங்கள் சிறு டவுனில்தான் வேலை.

பயிற்சியில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவன் அப்பா கேட்கமாட்டார். நான்தான் எப்போதாவது கேட்பேன். மலாய்க்காரர் வீட்டுக்குள் போனால் என்ன செய்யக்கூடாது, சீனர் கடையில் எப்படிப் பேச வேண்டும் என்றெல்லாம் ஒரு பாடமே நடத்தினார்களாம்.

“நம்மளப் பத்தி என்னப்பா சொன்னாங்க?” என்று கேட்டிருந்தேன்.

“கோயிலுக்குள்ள போனா செருப்பக் கழட்டணும். அவ்வளவுதாம்மா.”

அன்றைக்குச் சோறு பிசைந்துகொண்டே தானாகச் சொன்னான்: “நாளைக்கு எஸ்டேட்டுக்குப் போறேன். ஒருத்தன் சீனக் கடைக்காரரோட சைக்கிளப் போட்டு ஒடச்சிட்டான். கடைக்காரரு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காரு. ஆளக் கூட்டியாரச் சொன்னா, அவன் மாரியம்மன் கோயில்ல காப்புக் கட்டியிருக்கேன், எட்டு நாளைக்குக் கோயில விட்டு வரமாட்டேங்கிறானாம். சும்மா சாக்குச் சொல்றான். இழுத்து ஜீப்புல போட்டா வந்துட்டுப் போறான்.”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து கையை எடுத்தார். சாப்பாடு பாதிகூட முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

“அப்பாவுக்கு என்னாச்சு?” என்றான் செல்வம்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருடமாக எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்றை அன்றைக்கு நான் பேச வேண்டியதாயிற்று.

2

நான் அதிகம் பேசுகிறவள் அல்ல. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தேன். எழுதத் தெரியும், நாலு பேர் முன்னால் வாய் திறக்கத்தான் வராது. இந்த ஊர்ச் சந்தைக்குப் போனால் மீனைக் கையால் காட்டி வாங்குகிறவள். ஒருமுறை கடைக்காரரிடம் “வெரசாக் குடுங்க” என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நம் தமிழ்ப் பெண்களே சிரித்தார்கள். அவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். எங்கள் மலைப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை.

குடியுரிமை ஆபீசில் பிறந்த ஊர் கேட்டார்கள். கொடைக்கானலுக்கு மேற்கே, பூண்டிக்கு அப்பால் என்று ஆரம்பித்தேன். எழுதுகிறவர் தலை நிமிராமல் “இந்தியா” என்று ஒரே சொல்லை எழுதி முடித்துவிட்டார். அது தப்பும் இல்லை. ஆனால் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது, இனி அந்த ஊர்ப்பெயரை என்னிடம் யாரும் கேட்கப் போவதில்லை என்று தோன்றியது. இந்தக் கதையிலும் அதை எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இங்கே என் வீட்டுக்காரருக்கு ஒரு ரப்பர் எஸ்டேட் கேட்டில் காவல் வேலை. லாரி வந்தால் கட்டையைத் தூக்குவார், போனால் இறக்குவார். அதற்கு முன்னால் கொடைக்கானல் மலையில் போலீஸ் கான்ஸ்டபிளாக இருந்தவர் என்று பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். செல்வத்துக்கே அது ஒரு பழைய போட்டோ மட்டும்தான். அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக அவன் அப்பா நிற்கும் போட்டோ. அதைப் பார்த்துத்தான் அவனும் போலீசுக்குப் போனான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்லது என்றும் சொல்லவில்லை.

3

எங்கள் ஊரில் மாசி மாதம் அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் நூலில் மஞ்சள் துண்டைக் கோத்து, ஊர் சார்பாக ஒருவர் கையில் கட்டுவது. எட்டாம் நாள் அவிழ்ப்பார்கள். அதுவரை ஊர்க்காரர் யாரும் எல்லைக் கல்லைத் தாண்டக்கூடாது. காப்புக் கட்டுகிற நேரத்தில் விருந்தாளியாக உள்ளே இருந்தவரும் எட்டு நாளும் இருந்தே போக வேண்டும். வெளியூர்க்காரர் பகலில் வந்து போகலாம். ஆனால் தோல் சாமான் எதுவும் கல்லுக்கு உள்ளே வரக்கூடாது. செருப்பு, பை, குதிரைச் சேணம், எல்லாம் வெளியே நாவல் மரத்தடியில்தான். குதிரைகளும் வெளியேதான் கட்டிக்கிடக்கும்.

இதையெல்லாம் யாரும் எங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. காப்புக் கட்டிவிட்டால் கால் தானாகவே கல்லுக்கு முன்னால் நின்றுவிடும்.

அந்த வருடம் காப்பு என் அண்ணன் பொன்னய்யா கையில். எங்கள் அப்பா போனபிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அவர்தான். நான் செல்வத்தைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே ஊருக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரருக்கு ட்யூட்டி. அவர் மலை அவுட்போஸ்டில் இருந்தார்.

காப்புக்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு சண்டை நடந்திருந்தது. கொடைக்கானல் பஜாரில் பூண்டு, உருளைக்கிழங்கு வியாபாரம் செய்கிற ராவுத்தர் ஒருவர் எங்கள் பக்கத்துக்குக் குதிரைப் பொதியோடு வருவார். ஒற்றையடிப் பாதை. அண்ணனுடைய மட்டக்குதிரையும் அவருடைய குதிரையும் எதிரெதிரே வந்தன. யார் ஒதுங்குவது என்று இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. அந்தச் சண்டையில் ராவுத்தரின் குதிரை பொதியோடு பள்ளத்தில் சரிந்து கால் ஒடிந்துபோயிற்று. அண்ணன் தள்ளிவிட்டார் என்று ராவுத்தர் கோபத்தில் அவுட்போஸ்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

4

காப்புக் கட்டிய இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் அண்ணனைக் கூட்டிப்போக வந்தார். பூட்ஸையும் பெல்ட்டையும் கழற்றி நாவல் மரத்தடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். அண்ணனைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

“என்ன மாப்ள, விருந்துக்கா சோலிக்கா?” என்றார் அண்ணன்.

“சோலிதான் மச்சான். ராவுத்தர் விஷயம். ஸ்டேஷனுக்கு ஒரு நட வந்துட்டுப் போகணும்.”

அண்ணன் கையைத் தூக்கிக் காட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

“தெரியுது மச்சான். நான் சொல்லிக்கிறேன்.”

“எட்டாம் நாளு அவுத்த கையோட வெள்ளனே நானே வந்து நிக்கிறேன். ஒங்க எசமாங்கிட்டச் சொல்லுங்க. ஓடிப்போறவனா நானு?”

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அவுட்போஸ்டுக்குப் புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கெட்டவர் அல்ல என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். மலைக்குளிரில் கம்பளியும் மப்ளருமாக, மூக்கு ஒழுக, இந்த ஊர் மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர். அவரிடம் போய் இவர் விவரம் சொன்னார்.

“கையில நூல் கட்டியிருக்கான், அதனால வரமாட்டானா? ஏன்யா, அவன் உனக்கு என்ன உறவு?”

“என் சம்சாரத்தோட அண்ணன் சார்.”

“அதுதானே பார்த்தேன். யூனிபாரத்தைக் கழட்டிவச்சுட்டு விருந்து சாப்பிட்டுட்டு வந்திருக்கே. நாளைக்கு நானே வரேன்.”

இந்த இடத்தில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் கண்ணுக்கு என் வீட்டுக்காரர் மச்சானைக் காப்பாற்றுகிற போலீஸ். ஊர்க் கண்ணுக்கு மச்சானைப் பிடிக்க வந்த போலீஸ். அவர் இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தார். இரண்டு பக்கமும் பாதிதான் நம்பினார்கள்.

5

மறுநாள் உச்சிவேளைக்கு முன்னால் அவர்கள் ஏறி வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர், என் வீட்டுக்காரர், இன்னும் இரண்டு கான்ஸ்டபிள்கள், பின்னால் ராவுத்தர். எல்லைக் கல்லுக்கு உள்பக்கம் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் நின்றார்கள். கையில் கம்பு இல்லாதவர் குறைவு. நாங்கள் பெண்கள் சற்று மேலே மேட்டில் நின்றோம். செல்வம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்துக் கூப்பிடப் போனான். நான் வாயைப் பொத்தினேன்.

“பூட்ஸோட உள்ள வரப்படாதுங்க” என்றார் ஊர்ப் பெரியவர்.

“யூனிபாரம்யா இது. ரோட்டுல கழட்டுறதுக்கா கவர்மெண்ட் குடுத்திருக்கு?”

“அப்ப அங்கனயே நில்லுங்க.”

“சரி, அவனை வெளியே வரச் சொல்லு.”

“அவரு வரப்படாதுங்க.”

சப்-இன்ஸ்பெக்டர் முகம் சிவந்தது. உள்ளே இருந்து யாரோ ஒரு இளவட்டம், “யாவாரி மாதிரி கல்லுக்கு வெளிய போலீசு கடை போட வந்திருக்கு. என்ன வெலைக்கு வருதுன்னு கேளுங்கப்பா” என்றான். சிரிப்பு எழுந்தது. ஒரு கான்ஸ்டபிள் லத்தியை இறுக்கிப் பிடித்தார். இந்தப் பக்கம் கம்புகள் லேசாக உயர்ந்தன. நான் என் அண்ணனைப் பார்ப்பதா, என் வீட்டுக்காரரைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றேன். யார் முதலில் அடித்தாலும் விழப்போவது எனக்கு வேண்டியவர்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். சப்-இன்ஸ்பெக்டருக்குச் சல்யூட் வைத்தார்.

“சார், அவரு கல்லுக்கு அந்தப் பக்கம் ஒக்காரட்டும். நீங்க இந்தப் பக்கம் ஒக்காருங்க. விசாரணைதானே சார், காது கேட்டாப் போதும்ல. பூட்ஸும் கழட்ட வேணாம், அவரும் தாண்ட வேணாம்.”

காற்று வீசிக்கொண்டிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் மப்ளரை இழுத்துக் கட்டினார். பிறகு, “உக்கார எதாவது இருக்கா?” என்றார்.

உருளைக்கிழங்குப் பெட்டி ஒன்றைக் கல்லுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தார்கள். அவர் அதைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். அண்ணன் இந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்தார். நடுவில் கல். ராவுத்தர் அந்தப் பக்கம் நின்றார்.

“சொல்லுங்க பாய்.”

“என்னத்தச் சொல்ல எசமான். அருமையான குதிரை. இவரு குதிரை இடிச்சுத்தான் விழுந்துச்சு.”

“பாய், ஒங்க குதிரை எதிர்ல வந்து என் குதிரைய மொறச்சிக்கிட்டு நின்னுச்சு. எங்குதிரைக்கு மட்டும் ரோசம் இருக்காதா?” என்றார் அண்ணன்.

ராவுத்தரே சிரித்துவிட்டார். அவர் வருடா வருடம் காப்பு நாட்களில் இந்தக் கல்லருகே நின்று பூண்டு மூட்டையை வாங்கிப்போகிறவர். “நான் கோவத்துல எழுதிக் குடுத்துட்டேன் எசமான். காப்பு நாளுன்னு எனக்கு நெனப்பில்ல” என்றார். அண்ணனும் இறங்கிவந்தார். அந்தப் பருவம் முழுக்க ராவுத்தரின் சரக்கைத் தன் குதிரையில் கொடைக்கானலுக்கு இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டார். ஊர்ப் பெரியவரும் தலையாட்டினார். கம்புகள் கீழே இறங்கின. மேட்டில் நின்ற நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். என் வீட்டுக்காரர் அண்ணாந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குப் பின் பார்த்ததில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. பெட்டியைவிட்டு எழுந்தார்.

“சபாஷ். இனிமே ரெண்டு பேரும் சண்டை போடக்கூடாது. எங்கே, கை குடுங்க பார்க்கலாம்” என்று ஒரு கையால் ராவுத்தரின் கையைப் பிடித்தார். மறு கையை நீட்டி, எழுந்து நின்றுகொண்டிருந்த அண்ணனின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் பஞ்சாயத்து முடிந்ததும் அப்படிச் செய்ததை எங்கோ பார்த்திருப்பார் போல. கோபத்தில் இழுக்கவில்லை. அன்பாகத்தான் இழுத்தார்.

அண்ணன் தடுமாறி ஒரு அடி முன்னால் வைத்தார். அந்த அடி கல்லுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

இரண்டு கைகளையும் சேர்த்துவைத்துக் குலுக்கிவிட்டு, “போய்ட்டு வாங்க” என்று முதுகில் தட்டினார் சப்-இன்ஸ்பெக்டர். ராவுத்தர் மட்டும் கையை உருவிக்கொண்டு, “அல்லாவே” என்றார். ஊர்ப்பக்கம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியை மரியாதை என்று நினைத்துக்கொண்டு போலீஸ்காரர்கள் இறங்கிப்போனார்கள்.

6

அன்று மாலையே காப்பை அவிழ்த்தார்கள். திருவிழா நின்றுபோயிற்று. அண்ணனே பல்லால் கடித்து நூலை அறுத்தார்.

அந்த வருடம் உறைபனி விழுந்து பூண்டுப் பயிர் கருகியது. உறைபனி எங்கள் மலையில் புதிது அல்ல. ஆனால் ஊருக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. அண்ணனிடம் யாரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. அவர் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். கோயில் காரியம் எதிலும் அவரைக் கூப்பிடவில்லை.

நான் மறுபடி ஊருக்குப் போனபோது அண்ணன் வாசலிலேயே நின்றார்.

“ஒன் புருசன் பேசாம இருந்திருந்தா நாலு அடி வாங்கியிருப்பேன். அடி ஆறிப்போயிருக்கும். அவரு யோசனைய நம்பித்தானே கல்லுக்கிட்டப் போயி ஒக்காந்தேன்?”

“அவரு என்னண்ணே செய்வாரு? அந்த ஆளு இழுப்பாருன்னு இவருக்குத் தெரியுமா?”

“தெரியாதுதான். அவருமேல எனக்குக் கோவமில்ல தாயி. ஆனா நீ வந்து போறதப் பார்க்கிறப்பெல்லாம் ஊருக்கு அந்த நாளுதான் ஞாபகம் வருது. நீ வராத.”

தாயி என்றுதான் கூப்பிட்டார். அதட்டவில்லை. அண்ணி உள்ளேயிருந்து ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். நின்றபடியே குடித்துவிட்டு நடந்தேன்.

கீழே அவுட்போஸ்டில் நிலைமை வேறு. கம்பு எடுத்த ஊரில் ரத்தம் சிந்தாமல் சமாதானம் செய்துவைத்தார் என்று சப்-இன்ஸ்பெக்டர் மேலே எழுதி என் வீட்டுக்காரருக்குப் பாராட்டு வாங்கிக் கொடுத்தார். எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, இவரை முன்னால் அழைத்துக் கை குலுக்கினாராம். இவர் வீட்டுக்கு வந்து அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

“அவருக்குத் தெரியாதுல்ல. சொல்லவேண்டியதுதானே நீங்க” என்றேன்.

“சொன்னேன். ஒரு அடிதானேய்யா, அதுக்கு என்னன்னு கேட்டாரு. அதுக்கு மேல என்ன சொல்ல?”

சில மாதத்தில் வேலையை விட்டார். மலாயாவில் இருந்த அவருடைய மாமா கூப்பிட்டார். கப்பல் ஏறும் முன் நான் ஊருக்குப் போகவில்லை. கல்வரைக்கும் போய்த் திரும்பலாமா என்று நினைத்தேன். பஸ் செலவுக்குப் பயந்தோ, யாராவது பார்த்துவிடுவார்கள் என்றோ, அதையும் செய்யவில்லை.

7

இவ்வளவையும் அந்த வெள்ளிக்கிழமை செல்வத்திடம் சொன்னேன். அவனுக்குத் தன் வாயை நான் பொத்தியது மட்டும் லேசாக ஞாபகம் இருக்கிறது. வேறொன்றும் இல்லை. கேட்டுவிட்டு, “அது அந்தக் காலம்மா. அந்த ஊரு வேற. இங்க ஆர்டர்னா ஆர்டர்தான்” என்றான். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இவனுக்குத் தமிழ் தெரியும்; ஆனால் நான் சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. இங்கே பிள்ளைகளிடம் பேசிவிட்டு நாங்கள் அடிக்கடி இப்படித்தான் நிற்கிறோம்.

மறுநாள் பொழுது சாய வந்தான். அவன் அப்பா கேட் வேலை முடிந்து வந்து, முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். செல்வம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே என்னிடம் சொன்னான். அவர் காதில் விழவேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

“கோயில் கேட்டுக்கு வெளிய ஒக்காந்தேம்மா. அந்த ஆளு உள்ள ஒக்காந்தான். சீனருக்கு ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். என்கூட வந்த கார்ப்பரலுக்கு ஒண்ணும் புரியல, முறைச்சிக்கிட்டே நின்னாரு. சைக்கிள அவனே ரிப்பேர் பண்ணித் தர்றதாச் சொல்லிட்டான். எழுதி வாங்கிட்டேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஸ்டேஷன்ல வாங்கிக் கட்டிக்கிட்டேன். ஒரு சைக்கிளுக்கு அரை நாள் வேஸ்ட் பண்ணியான்னு. அடுத்த தடவ இப்படிச் செஞ்சா ரிப்போர்ட் எழுதுவாங்களாம்.”

நான் கேட்க நினைத்ததை அவன் அப்பா கேட்டார். அவன் போலீசில் சேர்ந்த பிறகு அவர் அவனுடைய வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி.

“கை குடுக்கச் சொன்னியாடா?”

“இல்லப்பா. சீனரு நல்ல மனுசன், அவரே எந்திரிச்சுக் கைய நீட்டிக்கிட்டு கேட்டுப் பக்கமாப் போனாரு. நான் நடுவுல போயி நின்னுட்டேன். என் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். ஏன்னு தெரியல, பயமா இருந்துச்சு.”

அவர் எழுந்து வந்தார். மகனுடைய பூட்ஸை எடுத்து அதிலிருந்த எஸ்டேட் சேற்றை ஒரு குச்சியால் சுரண்ட ஆரம்பித்தார். செல்வம் வேண்டாம் என்று குனிந்தான். அவர் விடவில்லை.

இதை அச்சில் போடுவார்களா என்று எனக்குத் தெரியாது. போட்டால், பூண்டிப் பக்கம் போகிற யாராவது எடுத்துப் போங்கள். என் அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. ஐந்தாவது பகுதியைப் படிக்க வேண்டாம். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கடைசிப் பகுதியை மட்டும் படித்துக்காட்டுங்கள். தங்கச்சி வரப்போவதில்லை என்றும் சொல்லிவிடுங்கள். இங்கே ஒரு ஊரில் காப்பு எட்டாம் நாள்தான் அவிழ்ந்தது என்று அவர் தெரிந்துகொண்டால் போதும்.